உரம் போடாத பாத்தி

ஒக்கலிபுரம் மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது கரண்டி யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் அந்தத் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. மரகதம்தான். மற்றப் பெண்கள் ஊற்றினால் தெரிந்தவர் சொம்பு வழியும், தெரியாதவர் சொம்பில் அடி மட்டும் நனையும். மரகதம் ஊற்றினால் கவுன்சிலர் வீட்டுச் சொம்புக்கும், வரிசையின் கடைசியில் நசுங்கிய டப்பாவோடு நிற்பவளுக்கும் ஒரே அளவு. பானை வற்றிவிடும் போலத் தெரிந்தால், முன்னால் வாங்கிக்கொண்டு போனவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, ஆளுக்கு ஒரு வாய் திரும்ப ஊற்றச் சொல்லி வாங்குவாள். திட்டுவார்கள். அவள் காதில் அது ஏறாது. "பந்தி வஞ்சனை பண்ற கை வெளங்காது" என்பாள். அவள் படித்த சாஸ்திரம் மொத்தமும் அந்த ஒரு வரிதான். அந்த ஒரு வரி ஒரு பெண்ணின் மூன்று வருஷப் படிப்பை என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மரகதத்துக்கு வேலை ஊருக்கு வடக்கே ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில். காலை ஆறரைக்கு மெஜஸ்டிக்கில் பஸ் பிடித்தால் எட்டு மணிக்குப் பண்ணை கேட்டில் இறங்கலாம். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. களை எடுப்பாள், புல் அறுப்பாள், அறுத்ததைக் கட்டி எடை போடுவாள். பட்டம் வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் அவளை "ஏம்மா" என்பார்கள், அவசரமானால் "லேபர்" என்பார்கள். 97-ஆம் வருஷம் சுப்புலக்ஷ்மி அங்கே ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். வந்த முதல் நாளே "அக்கா" என்றாள்.

மல்லேஸ்வரத்துப் பெண். தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்காக வந்து தங்கிவிட்ட குடும்பம். அப்பா செக்ரடேரியட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி ஷ்ரேயாஸ் கோரமங்களாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, அப்பா ஆயுள் முழுக்க வாங்கிய சம்பளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தான். இந்தப் பெண் மட்டும் புல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று வீட்டில் குறை. மத்தியானம் சித்ரான்னத்தை இரண்டாகப் பிரித்து மூடியில் வைத்து மரகதத்திடம் நீட்டிவிட்டுத்தான் சாப்பிடுவாள். வயது இருபத்தொன்பது.

அவள் ஆராய்ச்சி இதுதான். வரிசையாக சில்வர் ஓக் மரங்கள். நடுவில் மாட்டுக்கான கினியா புல். மர நிழலில் வளரும் புல்லுக்கு எவ்வளவு யூரியா போட்டால் எவ்வளவு விளைச்சல் என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு பாத்தி. முளைக்குச்சியில் கட்டிய துணியின் நிறம்தான் பாத்தியின் பெயர். சிவப்புக்கு நிறைய, பச்சைக்கு அதைவிடக் கம்மி, மஞ்சளுக்குக் கொஞ்சம். ஒவ்வொரு நிறத்திலும் மூன்று பாத்தி. ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் சுப்புலக்ஷ்மி லேபில் யூரியாவை எடை போட்டு ஒன்பது பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாள்.

"வெள்ளைக்கு மேடம்?" என்று கேட்டாள் மரகதம், முதல் நாள்.

"வெள்ளைக்கு ஒண்ணும் கெடையாதுக்கா."

"இன்னா மேடம், ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. சும்னே விட்டுடணும். அது வெறுமனே இருந்தாதானே போட்டதுக்கும் போடாததுக்கும் வித்தியாசம் தெரியும்?"

மரகதத்துக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. புத்திக்குப் புரிவது வேறு, மனசு ஒத்துக்கொள்வது வேறு. ஒரே மண், ஒரே மழை, ஒரே மரத்தின் நிழல். சிவப்புப் பாத்தியில் புல் மார்பளவு நின்று கருகருவென்று மினுக்கியது. ஒரு முழம் தள்ளி வெள்ளைப் பாத்தி முழங்காலைத் தாண்டவில்லை. வெளிறிப்போய், சீக்கு வந்த பிள்ளை போல நின்றது. அறுத்துக் கட்டினால் ஒரு கையால் தூக்கிவிடலாம். முதல் வருஷம் முழுக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்துத் தூவும்போது வெள்ளைப் பாத்தியைத் தாண்டுகிற இடத்தில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். இலை போட்டு உட்கார வைத்துவிட்டுச் சோறு வைக்காமல் போகிறோமே என்று அவளுக்கு உடம்பு கூசும்.

இரண்டாம் வருஷம் சுப்புலக்ஷ்மிக்கு லேபில் வேலை கூடிவிட்டது. பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு, "நீங்க இருக்கும்போது எனக்கு என்னக்கா கவலை" என்று சொல்லிவிட்டுப் போவாள். 98-ஆம் வருஷம், ஜூன் மாத அறுப்பு முடிந்த மறுநாள், தூறலில் முக்காடு போட்டுக்கொண்டு தூவிக்கொண்டிருந்த மரகதம் சிவப்புப் பொட்டலத்திலிருந்து மூன்று பிடியும் பச்சையிலிருந்து ஒரு பிடியும் எடுத்து வெள்ளையில் போட்டாள். மஞ்சளில் கை வைக்கவில்லை. அது பாவம், ஏற்கெனவே அரை வயிறு. திருடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெளியிலிருந்து ஒரு குருணைகூடக் கொண்டுவரவில்லையே, இருப்பதைப் பங்கிட்டதுதானே. அடுத்த அறுப்புக்கும் போட்டாள். அதற்கடுத்ததற்கும் போட்டாள். வெள்ளைப் பாத்திகள் நிறம் தேறி நிமிர்ந்தபோது, காய்ச்சல் விட்ட பிள்ளையைப் பார்க்கிற சந்தோஷம் அவளுக்கு.

சுப்புலக்ஷ்மி முதலில் தராசைச் சந்தேகப்பட்டாள். ஆள் வைத்துச் சரிபார்த்தாள். மண்ணைத் தோண்டிக்கொண்டு போய்ச் சோதித்தாள். புல்லைக் காயவைத்து அரைத்துப் பார்த்தாள். வெள்ளைப் பாத்தியில் நிஜமாகவே சத்து ஏறியிருக்கிறது என்று எல்லாம் ஒன்றையே சொல்லின. கடைசியில் அவளுடைய பேராசிரியர்தான் மேஜையைத் தட்டி, மரம்தான் காரணம் என்றார். இலை உதிர்ந்து மக்கி, இரண்டாம் வருஷத்திலிருந்து மரமே புல்லுக்குச் சத்துக் கொடுக்கிறது, யாரும் இதுவரை இவ்வளவு சுத்தமாகக் காட்டியதில்லை என்றார்.

99-ஆம் வருஷம் ஏப்ரலில் சுப்புலக்ஷ்மி ஒரு டப்பா மைசூர்பாகோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அக்கா, தீசிஸ் எழுதி முடிச்சாச்சு! நம்ம வெள்ளைப் பாத்திதான் ஹீரோ. அதுக்கு நாம ஒரு குருணை யூரியா போட்டோமா? போடலை. ஆனா மஞ்சளுக்குச் சமமா நிக்குது, சிலதுல தாண்டிடுச்சு. மரம் அதுக்குச் சாப்பாடு போடுதுக்கா! ஏழை விவசாயி யூரியா வாங்கவே வேணாம், மரத்தை நட்டாப் போதும். ஆகஸ்டுல வெளியூர்லேர்ந்து எக்ஸாமினர் வர்றார். பாத்தியை நேர்ல பார்க்கணுமாம். அது நல்லபடியா ஆய்த்துன்னா செப்டம்பர்ல லெக்சரர் வேலைக்கு இன்டர்வியூ. அடுத்த வருஷம்னா வயசு தாண்டிடும், எனக்கு அந்த வேலை கெடையாது."

மரகதத்துக்கு வாயில் போட்ட மைசூர்பாகு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சிரித்து வைத்தாள். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் மெஜஸ்டிக் வரை நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டுக்காரன் உத்தமன் சிக்பேட்டையில் புத்தகம் பைண்டிங் செய்கிறவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில வுட்டுக்கினியேடி. வாயை மூடிக்கினு இரு. சொன்னா உன் வேலையும் போவும், அந்தப் பொண்ணு படிப்பும் போவும். சொல்லாட்டி யாருக்கு நஷ்டம்? புல்லுக்கா?"

வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கையையும் மூடிக்கொண்டாள், அதுதான் வினை. இனிமேலாவது பாவம் சேர்க்கக்கூடாது என்று நினைத்து, அந்தந்தப் பொட்டலத்தை அந்தந்தப் பாத்திக்கே கொட்டினாள். ஜூலை பிறந்ததும் வெள்ளைப் பாத்திகள் மூன்றும் பழையபடி வெளிற ஆரம்பித்தன.

சுப்புலக்ஷ்மிக்கு முகமே செத்துவிட்டது. எக்ஸாமினர் வர ஆறு வாரம்தான் இருந்தது. வேரைத் தோண்டி வேர்ப்புழு இருக்கிறதா என்று பார்த்தாள். இலையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மழையில் நனைந்துகொண்டு பாத்தி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு நாள் சித்ரான்னம் டப்பாவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், "நான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்க்கா, என்னன்னுதான் தெரியல" என்று சொல்லி விசும்பினாள். அதற்குமேல் மரகதத்தால் தாங்க முடியவில்லை.

"மேடம், தப்பு உங்க மேல இல்ல. நான்தான் போட்டுக்கினு இருந்தேன். இந்த வாட்டி போடல."

எடைக் கொட்டகையில் வைத்துச் சொன்னாள். தகரத்தின் மேல் மழை கொட்டியதால் இரண்டாவது தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் அடிதான் விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுப்புலக்ஷ்மி ஃபீல்டு புக்கை எடுத்து ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"எப்பலேர்ந்து?"

"போன வருசம் ஜூன்ல இருந்து மேடம்."

"எந்தப் பொட்டலத்துலேர்ந்து எத்தனை பிடி?"

சொன்னாள். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு லேபிலிருந்து யூரியாவும் சின்னத் தராசும் கொண்டுவந்து, "எடுத்துக் காட்டுங்க" என்றாள். மரகதம் ஒரு பிடி எடுத்துத் தட்டில் வைத்தாள். நாற்பத்தேழு கிராம். மறுபடி எடுக்கச் சொன்னாள். ஐம்பத்தாறு. மறுபடி. நாற்பத்திரண்டு. பத்துத் தடவை எடுக்க வைத்தாள். இத்தனை வருஷம் கூழ் ஊற்றி ஒரு சொட்டு வித்தியாசம் காட்டாத கைதான் அது. பத்தும் பத்து விதமாக வந்தது.

"மழையில ஈரமா இருந்தா?"

"கொஞ்சம் கட்டியா வரும் மேடம். கூடக்கூட வந்திருக்கும்."

"எல்லாத் தடவையும் சிவப்புலேர்ந்து மூணு பிடிதானா?"

"ஒரு தபா நாலு போட்டேன். ரொம்ப வாடிப்போச்சுன்னு. எந்தப் பாத்தின்னு ஞாபகம் இல்ல."

பேனா நின்றது. வெள்ளை மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் தள்ளியிருக்கலாம். சிவப்பு சிவப்பாக இல்லை, பச்சை பச்சையாக இல்லை. பன்னிரண்டு பாத்தியும் கெட்டுப்போயிருந்தன, எவ்வளவு கெட்டன என்று சொல்லவும் ஆளில்லை.

"ஏன்க்கா?" என்றாள் கடைசியில். "என் மேல ஏதாவது கோபமா?"

"ஐயோ, இன்னா மேடம் இப்படிக் கேக்கறீங்க? உங்க மேல போயி... பக்கத்துல எல்லாம் துன்னுக்கினு இருக்க, அது மட்டும் பட்டினியா நின்னுச்சு. பார்க்க முடியல மேடம்."

சுப்புலக்ஷ்மி தலையை ஆட்டினாள். "நாளைக்குப் புரொபசர்கிட்டச் சொல்லிடறேன்" என்று எழுந்து, குடையை அங்கேயே மறந்து மழையில் இறங்கிப் போனாள்.

நாலு நாள் வரவில்லை. மரகதம் கேட்டைப் பார்த்துக்கொண்டே களை எடுத்தாள். ஒருவேளை வேறு வழி இருக்கும், படித்தவர்களுக்கு ஏதாவது தோன்றும், மறுபடி முதலிலிருந்து புல் வைக்கச் சொல்வார்கள், நாம் ராப்பகலாக உழைத்துக் கொடுத்துவிடலாம் என்றெல்லாம் மனக்கோட்டை கட்டினாள். தன் வேலை போனால் போகட்டும், அந்தப் பெண் தேறிவிட வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அறுப்பு. அறுத்து, எடை போட்டு முடிந்த பிறகு சுப்புலக்ஷ்மி வந்தாள். பொட்டலங்களை வழக்கம்போலக் கொட்டகை மேடையில் வரிசையாக வைத்தாள். மரகதத்துக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருந்தது. மூன்றின் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மேடம்?"

"எழுதாதது வெள்ளைக்கு." அவள் மரகதத்தைப் பார்க்காமல் மரங்களைப் பார்த்துப் பேசினாள். "சீக்கிரம் போட்டுடுங்க. மழை வர்றதுக்குள்ள மண்ணுல எறங்கணும்."

"புரொபசர்கிட்ட..."

"அவர் ரூம் வாசல் வரைக்கும் போனேன்." அவ்வளவுதான் சொன்னாள். அக்கா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

மரகதம் பொட்டலத்தைப் பிரித்தாள். முன்பு தானாக ஆசைப்பட்டுப் போட்ட பாத்திதான். இப்போது அந்தப் பெண் சொல்லிப் போடும்போது கை எழவில்லை. முன்னால் அவள் செய்தது தெரியாமல் செய்த தப்பு. இது தெரிந்து செய்கிற தப்பு, அதையும் இந்தப் பெண் மரகதத்தால்தான் செய்கிறாள். ஆனாலும் போட்டாள். மூன்று பாத்திக்கும் ஒரு குருணை சிந்தாமல் போட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் எக்ஸாமினர் வந்தார். வடக்கத்திக்காரர், வெள்ளைத் தலை, நல்ல மனிதர். சேற்றில் ஷூவோடு இறங்கி ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்தார். வெள்ளைப் பாத்தியின் முன் ரொம்ப நேரம் நின்றார். கருகருவென்று இருந்த புல்லைக் கையால் கோதிப் பார்த்துவிட்டு, பேராசிரியரையும் சுப்புலக்ஷ்மியையும் விட்டுவிட்டு, ஓரமாக அரிவாளோடு நின்றவளை நோக்கித் திரும்பினார். வேலை செய்கிற கையைக் கேட்டால்தான் நிஜம் தெரியும் என்று தெரிந்தவர் போல.

"இஸ்மே குச் டால்தே ஹோ, அம்மா?" இதில் ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டார்.

மரகதம் சுப்புலக்ஷ்மியைப் பார்த்தாள். இத்தனை நாளில் அந்த முகத்தில் பார்க்காத ஒரு கெஞ்சல் அதில் இருந்தது. ஒரு கணம்தான். பிறகு அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

"குச் நை சாப்," என்றாள் மரகதம். ஒன்றுமில்லை ஐயா.

அவர் அவள் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

சுப்புலக்ஷ்மிக்குப் பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. லட்டு வாட்ச்மேன் கையில் கொடுத்தனுப்பப்பட்டு எல்லோருக்கும் வந்தது, மரகதத்துக்கும் வந்தது. அடுத்த மாதமே மரகதத்தை மாந்தோட்டத்துப் பக்கம் மாற்றிவிட்டார்கள். யார் சொல்லி மாற்றினார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அந்த வருஷத்துக்குப் பிறகு ஆடியில் கூழ் ஊற்றக் கூப்பிட்டால், முதுகு வலி என்று சொல்லிக் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

2001-இல் பண்ணையில் விவசாயிகள் மேளா. மரகதம் தண்ணீர்க்குடத்தோடு கொட்டகை கொட்டகையாகப் போய்க்கொண்டிருந்தாள். புல் கொட்டகையில் டாக்டர் சுப்புலக்ஷ்மி கண்ணாடி போட்டு, பட்டுக் கரைப் புடவையில் இருந்தாள். எதிரே மாலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், பண்ணையில் அச்சடித்துக் கொடுத்த துண்டறிக்கையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு. தமிழும் கன்னடமுமாகப் பேசினார்.

"மேடம், நீங்க போட்ட சீட்டுல இருந்த மாதிரியே மரம் வெச்சேன், புல்லு வெச்சேன். ரெண்டு வருசமா யூரியாவே தொடல. புல்லு எழும்பவே மாட்டேங்குது மேடம். வெளுத்துப்போய் நிக்குது. ஒரு மாட்டை ஓட்டி வித்துட்டேன். மிச்சம் ஒண்ணு எலும்பா நிக்குது. நான் எங்க தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க."

மரகதம் குடத்தை இறக்காமல் நின்றாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தாள். பட்டம் வந்துவிட்டது, வேலை உறுதியாகிவிட்டது, இனி என்ன பயம்? ஒரு வார்த்தை போதும்.

"மரம் இன்னும் சின்னது," என்றாள் சுப்புலக்ஷ்மி. குரல் இதமாக, தங்குதடை இல்லாமல் வந்தது. "இலை விழுந்து மக்க டைம் ஆகும். உங்க மண்ணும் வேற மாதிரி இருக்கும். தப்பு இல்ல, பொறுமையா இருங்க. இன்னும் ரெண்டு வருஷம்."

அந்த ஆள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். மரகதம் குடத்தை அப்படியே வைத்துவிட்டு அவர் பின்னாலேயே ஓடினாள். பஸ் ஸ்டாப்பில் பிடித்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"அண்ணா, யூரியா போடுங்கண்ணா. ஒவ்வொரு அறுப்புக்கும் போடுங்க. மரம் ஒண்ணும் குடுக்காது. அந்தச் சீட்டுல இருக்கறது பொய்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சேறு படிந்த புடவை, வெடித்த கை.

"நீ யாரும்மா?"

"இங்க கூலி வேல செய்யறவ. அந்தப் பாத்திக்கு நான்தாண்ணா உரம் போட்டேன். என் கையால போட்டேன்."

"போடவே இல்லைன்னு எழுதியிருக்குதே."

"எழுதியிருக்குது. நான்தான் போட்டேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. பரிதாபப்பட்டுச் சிரித்தார். "மேடம்கிட்ட ஏதாச்சும் மனஸ்தாபமா? படிச்சுப் பட்டம் வாங்கினவங்க பொய்யா எழுதுவாங்க? பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்களாம், இதுலயே போட்டிருக்குது பாரு" என்று துண்டறிக்கையைத் தட்டிக் காட்டினார்.

பஸ் வந்தது. அவர் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு ஏறினார். மரகதம் படிக்கட்டு வரை கூடவே போய், "அந்த ஒரு மாட்டையாவது..." என்று ஆரம்பித்தாள். கண்டக்டர் விசில் ஊதினான். ஏறுவதானால் ஏறு, இல்லையென்றால் தள்ளி நில் என்றான். அவள் தள்ளி நின்றாள்.